படப்புத்தகம் போட நினைப்பவர்களுக்கு: நான் பட்ட பாடு

சிறுவர்களுக்கு ஒரு படப்புத்தகம் போட வேண்டும் என்ற ஆசை நம்மில் பலருக்கு இருக்கிறது. பள்ளி ஆசிரியர்கள், பேரப்பிள்ளைகளுக்குக் கதை சொல்லிப் பழகியவர்கள் எனப் பலர் என்னிடம் விசாரிக்கிறார்கள். ஒவ்வொருவருக்கும் போனில் சொல்லிக்கொண்டிருந்ததை இங்கே முழுதாக எழுதிவிடலாம் என்று நினைத்தேன். என் முதல் புத்தகத்தில், விற்றது போக எனக்கு ஏறத்தாழ 80,000 ரூபாய் போனது. அதைவிட வலித்தது, சொந்தக் கதையை ஒரு வருடத்துக்கும் மேலாகத் திறந்துகூடப் பார்க்க முடியாமல் கிடந்தது. முன்னாலேயே யாராவது உட்கார வைத்து நாலு வார்த்தை சொல்லியிருந்தால் எவ்வளவோ நன்றாக இருந்திருக்கும்.

நான் தூத்துக்குடிப் பக்கம் தொடக்கப் பள்ளி ஆசிரியை. என் வகுப்பில் பாதிப் பிள்ளைகளின் அம்மாவோ அப்பாவோ உப்பளத்து வேலைக்குப் போகிறவர்கள். வெயில் ஏறுவதற்குள் வேலையை முடிக்க இருட்டிலேயே கிளம்பிவிடுவார்கள். அந்தப் பிள்ளைகளுக்காக வகுப்பில் சொன்ன கதைதான் இது. செல்வி என்ற சிறுமி விடுமுறை நாளில் அம்மாவுக்குச் சோறு கொண்டுபோகிறாள். உட்கார்ந்து சாப்பிட நிழல் தேடுகிறாள். உப்பளத்தில் ஏது மரம்? மின்கம்பத்தின் நிழல் மெலிதாக இருக்கிறது, பறவையின் நிழல் ஓடிவிடுகிறது, மோட்டார் கொட்டகை நிழலில் நாய் குட்டி போட்டிருக்கிறது. கடைசியில் அம்மா வாரிக் குவித்த உப்பு அம்பாரத்தின் நிழலிலேயே இருவரும் உட்கார்ந்து சாப்பிடுகிறார்கள். அவ்வளவுதான் கதை. பிள்ளைகள் திரும்பத் திரும்பச் சொல்லச் சொன்னார்கள். அதனால்தான் புத்தகமாக்கும் எண்ணமே வந்தது.

நகரத்தில் ஒரு பதிப்புச் சேவை நிறுவனத்தைப் பற்றிக் கேள்விப்பட்டேன். கதையைக் கொடுத்தால் போதும், படம், பக்க வடிவமைப்பு, ஐஎஸ்பிஎன் என்ற புத்தக அடையாள எண், அச்சு எல்லாம் அவர்கள் பொறுப்பு, 500 பிரதிக்கு 95,000 ரூபாய் என்றார்கள். நகைக் கடனில் 40,000 முன்பணம் கட்டினேன். பிறகு 30,000, பிரதிகள் கிளம்பும்போது மீதி 25,000. படங்கள் தயாராகும் கட்டத்தில் பார்க்கலாமா என்று கேட்டபோதெல்லாம் “ஃபைனல் ஆனதும் அனுப்புறோம் மேடம்” என்பதே பதில். ஃபைனல் வந்தபோது முழுப் புத்தகமாகத்தான் வந்தது, திருத்தம் சொன்னால் பக்கத்துக்குத் தனிக் கட்டணம் என்றும் சொன்னார்கள். இங்கேயே ஒன்று சொல்லிவிடுகிறேன். பென்சில் கோட்டில் இருக்கும்போதே எல்லாப் பக்கங்களையும் காட்டுவோம், அந்தக் கட்டத்தில் திருத்தம் இலவசம் என்று எழுத்தில் தராத இடத்துக்கு ஒரு ரூபாய்கூட முன்பணம் கட்டாதீர்கள். வண்ணம் தீட்டிய பிறகு எந்த ஓவியரும் மனம் உவந்து மாற்ற மாட்டார், அது அவர் குற்றமும் இல்லை.

பெட்டிகள் வந்ததும் வகுப்புக்கு எடுத்துப்போனேன். ஒரு பையன் இரண்டாம் பக்கத்திலேயே நிறுத்திவிட்டான். “டீச்சர், உப்பளத்துல ஏது தென்னமரம்?” அவன் விரல் வைத்த இடத்தில் வரிசையாகத் தென்னைகள். நிழலே இல்லாத இடத்தில் நிழல் தேடும் கதைக்கு, பக்கத்துக்குப் பக்கம் மரம். செல்விக்கு ரோஜா நிறக் கன்னம். அம்மா கையில் ஏதோ மண்வெட்டி. நீளக் கம்பில் குறுக்குப் பலகை கோத்து உப்பு வாருவதை இங்கே பிறந்த பிள்ளைகள் நடக்கத் தொடங்கும்போதே பார்த்தவர்கள், அவர்களுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. பாத்தித் தண்ணீர் நீச்சல் குளம் மாதிரி நீலமாக இருந்தது. உப்பு முற்ற முற்றத் தண்ணீரில் ஒரு இளஞ்சிவப்பு ஏறும், எங்கள் ஊர்ப் பிள்ளைகள் அந்த நிறத்தைத்தான் தேடினார்கள். அப்புறம் விசாரித்ததில், ஓவியருக்குக் கதையின் எழுத்தைத் தவிர ஒரு புகைப்படம்கூட யாரும் அனுப்பவில்லை என்று தெரிந்தது. உப்பளத்தைக் கண்ணால் பார்க்காத மனிதர், பாவம், என்ன செய்வார்?

ஆகவே படம் வரையக் கொடுக்கும் முன் புகைப்படங்களைச் சேருங்கள். கருவிகள், பாத்திரம், வாசல், தரை, வேலை செய்யும்போது புடவையை எப்படிச் செருகுவார்கள், தலையில் துணியை எப்படிக் கட்டுவார்கள், இவையெல்லாம் வேண்டும். படப்புத்தகம் படிக்கும் குழந்தைக்குப் பெரும்பாலும் எழுத்துச் சரியாகத் தெரியாது, படத்தைத்தான் படிக்கிறது. பெரியவர்கள் வரியைப் பார்த்துக்கொண்டிருக்கும்போது அது தூக்குச்சட்டியின் மூடியையும் மூலையில் நிற்கும் எறும்பையும் பார்த்துக்கொண்டிருக்கும். அங்கே பொய் இருந்தால் உடனே கண்டுபிடித்துவிடும்.

ஆனால் தென்னை மரத்தைவிடப் பெரிய கோளாறு ஒன்று இருந்தது, அதை உணர எனக்கு நாளாயிற்று. எழுத்தும் படமும் ஒன்றையே சொல்லிக்கொண்டிருந்தன. “சிவப்புப் பாவாடை கட்டிய செல்வி, கையில் தூக்குச்சட்டியோடு, வெள்ளை வெளேர் என்றிருந்த உப்பளத்தில் நடந்தாள்” என்று கீழே எழுத்து. மேலே சிவப்புப் பாவாடை, தூக்குச்சட்டி, வெள்ளை உப்பளம். இப்படியே எல்லாப் பக்கமும். வகுப்பில் வாயால் சொல்லும்போது அந்த வாக்கியம் தேவைப்பட்டது, ஏனென்றால் அங்கே படம் கிடையாது. புத்தகத்தில் அது சுமை. பாவாடையின் நிறத்தைப் படம் சொல்லிவிடும். படம் சொல்ல முடியாதவை சில உண்டு: சத்தம், வாசனை, மனதில் ஓடுவது, பேச்சு, நேற்று நடந்தது. எழுத்து அவற்றை எடுத்துக்கொள்ள வேண்டும். இதையும் தாண்டி ஒரு நிலை இருக்கிறது. எழுத்து ஒன்றைச் சொல்ல, படம் அதற்கு மேல் ஒன்றைக் காட்டும். “அம்மாவுக்குக் களைப்பே வராது” என்று செல்வி சொல்கிறாள், படத்தில் அம்மா இடுப்பைப் பிடித்துக்கொண்டு நிற்கிறாள். அந்த இடைவெளியில்தான் குழந்தை தானாக யோசிக்கத் தொடங்குகிறது. நல்ல படப்புத்தகத்தில் எனக்குப் பிடித்ததே இதுதான். குழந்தைக்கு என்று ஒரு வேலையை விட்டுவைப்பது.

அந்த நிறுவனம் விட்டுவைக்கவில்லை. கடைசிப் பக்கத்தில் “உழைப்பின் நிழலே உயர்ந்தது என்பதைச் செல்வி உணர்ந்தாள்” என்று ஒரு வரி முளைத்திருந்தது. நான் எழுதியதே இல்லை. கேட்டதற்கு, சிறுவர் புத்தகம் என்றால் நீதி இருந்தால்தான் பள்ளிகளில் வாங்குவார்கள் என்றார்கள். பள்ளியில் இருப்பவள் சொல்கிறேன், அந்த வரியைப் படித்த நொடியில் பிள்ளைகளின் முகம் பாடப்புத்தக முகமாக மாறிவிட்டது. அதுவரை அம்பாரத்து நிழலைப் பார்த்துக்கொண்டிருந்தவர்கள், கேள்வி கேட்கப் போகிறார்கள் என்று நிமிர்ந்து உட்கார்ந்துவிட்டார்கள். உங்கள் கதையில் உங்கள் ஒப்புதல் இல்லாமல் ஒரு சொல்லும் சேர்க்கக் கூடாது என்பதையும் ஒப்பந்தத்தில் எழுதிக்கொள்ளுங்கள்.

அச்சு விஷயத்துக்கு வருகிறேன். இதில்தான் பணம் கண்ணுக்குத் தெரியாமல் கரையும். கணினித் திரையில் பளீரென்று இருந்த படங்கள் தாளில் மங்கிப் போயிருந்தன. திரை ஒளியால் நிறம் காட்டுகிறது, அச்சு நான்கு மைகளால் காட்டுகிறது, திரையில் தெரியும் சில நீலங்களும் பச்சைகளும் மையில் வரவே வராது. வரையும் கோப்பை முதலிலிருந்தே அந்த நான்கு மைகளுக்கான சிஎம்ஒய்கே முறையில் வைத்து, ஒரு தாளாவது வண்ண ப்ரூஃப், அதாவது சோதனை அச்சு, எடுத்துப் பகல் வெளிச்சத்தில் பார்த்திருந்தால் இது முன்பே தெரிந்திருக்கும். எழுத்தைக் கறுப்பு ஒற்றை மையில் அடிக்காமல் நான்கு மையும் கலந்து அடித்திருந்தார்கள். ஒரு மை இம்மியளவு விலகினாலும் எழுத்துக்கு நிழல் விழுந்த மாதிரி ஆகிவிடும், எனக்குப் பல பக்கங்களில் அப்படித்தான் விழுந்தது. முதுகில் பசை ஒட்டிக் கட்டும் பெர்ஃபெக்ட் பைண்டிங் போட்டதில், இரண்டு பக்கத்துக்கும் விரிந்த படத்தில் அம்மாவின் முகம் சரியாக நடு மடிப்புக்குள் போய்விட்டது. விரிபடத்தின் நடுவில் முகமோ எழுத்தோ வரவே கூடாது. ஓரங்களில் வெட்டுக்காக 3 மில்லிமீட்டர் படம் கூடுதலாக நீட்டியிருக்க வேண்டும், அதுவும் இல்லாததால் சில பிரதிகளில் ஓரத்தில் வெள்ளைக் கோடு.

தமிழுக்கென்றே ஒரு தொல்லையும் உண்டு. பக்க வடிவமைப்பு மென்பொருளில் இந்திய மொழிகளுக்கான அமைப்பைத் தேர்ந்தெடுக்காமல் யூனிகோடு எழுத்தை ஒட்டினால் கொம்பும் காலும் இடம் மாறும். என் கதாநாயகியின் பெயரே இரண்டு இடத்தில் கொம்பு தள்ளிப்போய் “செ” என்ற எழுத்து உடைந்து கிடந்தது. இப்போதுதான் எழுத்துக் கூட்டும் பிள்ளைக்கு அது எவ்வளவு பெரிய தடை! அதோடு, இரண்டு ஓரமும் நேராக வரவேண்டும் என்று வரிகளை இழுத்துக் கட்டியிருந்தார்கள். தமிழ்ச் சொற்கள் நீளம், அதனால் வரி முடிவில் “தூக்குச்சட்” என்று நின்று அடுத்த வரியில் “டியை” என்று தொடங்கியது. சிறுவர் புத்தகத்தில் சொல்லை எங்குமே உடைக்கக் கூடாது. இடப்பக்கம் மட்டும் நேராக வைத்து, மூச்சு விடும் இடத்தில் வரியை முடியுங்கள். எழுத்து 20 புள்ளிக்குக் குறையாமல் இருக்கட்டும். படத்தின் நெரிசலான பகுதி மேல் எழுத்தை வைக்காதீர்கள். எழுத்துக்கான இடம் எது என்பதை ஓவியர் பென்சில் கட்டத்திலேயே ஒதுக்கியிருக்க வேண்டும்.

திருத்தி மறுபடி அச்சிடலாம் என்று போனபோதுதான் கடைசி அடி விழுந்தது. மூலக் கோப்புகள் தர முடியாது, படங்களின் உரிமை தங்களுடையது என்றார்கள். கையில் கிடைத்தது வாட்ஸ்அப்பில் வந்த, பெரிதாக்கினால் கட்டம் கட்டமாகத் தெரியும் பிடிஎஃப் மட்டும். எல்லாம் தங்கள் பொறுப்பு என்று சொல்லியிருந்தும் ஐஎஸ்பிஎன்னுக்கு என்று 3,000 ரூபாய் தனியாக வாங்கியிருந்தார்கள். இந்தியாவில் அந்த எண்ணை ராஜா ராம்மோகன் ராய் தேசிய முகமை இலவசமாகவே தருகிறது, ஆசிரியரே இணையத்தில் விண்ணப்பிக்கலாம். அதுவும் அந்த நிறுவனத்தின் பெயரில் வாங்கப்பட்டிருந்தது. அன்று பஸ்ஸில் திரும்பி வரும்போது அழுகை வந்தது. வீட்டில் பணத்தைப் பற்றி யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை, அது இன்னும் கஷ்டமாக இருந்தது. 400 பிரதிகளுக்கு மேல் கட்டிலுக்கு அடியில் போய்விட்டன.

மறுபடி தொடங்க வைத்தவை மற்ற புத்தகங்கள்தான். சென்னையின் தாரா, தூலிகா பதிப்பகங்கள் போட்ட படப்புத்தகங்களை நூலகத்திலும் நண்பர்களிடமும் கேட்டு வாங்கினேன். பிரதம் புக்ஸ் 2015இல் தொடங்கிய ஸ்டோரிவீவர் தளத்தில் தமிழ்ப் படக்கதைகள் ஏராளமாக இலவசமாகக் கிடைக்கின்றன. புத்தகம் போட நினைப்பவர்கள் செலவில்லாமல் செய்யக்கூடிய முதல் காரியம் அதுதான். ஆனால் சும்மா படிக்கக் கூடாது. முதலில் எழுத்தைக் கையால் மறைத்துக்கொண்டு படத்தை மட்டும் பார்த்து முடியுங்கள். பிறகு படத்தைப் பார்க்காமல் எழுத்தை மட்டும் யாரையாவது வாசிக்கச் சொல்லிக் கேளுங்கள். இரண்டில் எதுவோ ஒன்று தனியாகவே முழுக் கதையையும் சொல்லிவிட்டால் அங்கே மற்றதற்கு வேலை இல்லை என்று புரிந்துவிடும். அமெரிக்கப் படப்புத்தகக்காரர் மாரிஸ் செண்டாக் 1963இல் போட்ட, காட்டு ஜந்துக்களிடம் போகும் பையனின் கதையை இப்படிப் பார்த்தபோது அசந்துபோனேன். தொடக்கத்தில் பக்கத்தின் நடுவில் சின்னதாக இருக்கும் படம், பையனின் கற்பனை வளர வளரப் பெரிதாகிக்கொண்டே போகிறது. ஜந்துக்களோடு ஆட்டம் போடும் இடத்தில் மூன்று விரிபக்கங்களுக்கு (திறந்தால் எதிரெதிரே தெரியும் இரண்டு பக்கம் ஒரு விரிபக்கம்) ஒரு சொல்கூடக் கிடையாது. எழுத்தாளர் எந்த இடத்தில் வாயை மூடிக்கொள்ள வேண்டும் என்பதற்கு எனக்கு இதைவிட நல்ல பாடம் கிடைக்கவில்லை.

பிறகு செய்தது ஒரு மாதிரிப் புத்தகம். ஏ4 தாள்களை நடுவில் மடித்து, நூல் கோத்து, 24 பக்கம். ஏன் 24? நடு மடிப்பில் கம்பி அடிக்கும், அதாவது சென்டர் பின் போடும் புத்தகத்துக்குப் பக்கங்கள் நான்கின் மடங்காக இருக்க வேண்டும். அச்சுக்கூடத்தில் பெரிய தாளை மடித்து 16 பக்கத்தை ஒரு ஃபாரம் என்று கணக்கிடுவார்கள், 24 என்பது ஒன்றரை ஃபாரம், 32 என்றால் இரண்டு. உலகத்தில் பெரும்பாலான படப்புத்தகங்கள் 32 பக்கத்தில் வருவதற்கும் தாள் மடிப்புத்தான் காரணம். தலைப்புப் பக்கம், பதிப்பு விவரம் போக என் கதைக்குப் பத்துப் பதினொரு விரிபக்கம் கிடைத்தது. அதில் குச்சி உருவங்களை வரைந்து, எழுத்தை வெட்டி ஒட்டினேன். ஒட்டிப் பார்த்தால்தான் பக்கம் புரட்டுவது என்ற ஒன்றின் பலம் தெரிகிறது. வலப் பக்கத்தின் அடியில் செல்வி கேட்கிறாள், “இங்கே?” படத்தில் மின்கம்பத்தை நோக்கி அவள் ஓடுகிறாள். புரட்டுகிறோம். “ம்ஹும். இந்த நிழலுக்குள் அம்மாவின் ஒரு கைகூட அடங்காது.” அடுத்த வலப் பக்கத்தில் மறுபடி “இங்கே?” வகுப்பில் மூன்றாவது “இங்கே?” வரும்போது பிள்ளைகள் எனக்கு முன்னால் கத்தினார்கள், ஒருத்தி எழுந்து வந்து பக்கத்தைத் தானே புரட்டிவிட்டாள். கேள்வியையும் பதிலையும் ஒரே விரிபக்கத்தில் வைத்திருந்தால் அந்தச் சுகம் போயிருக்கும். முதல் புத்தகத்தில் 900 சொல்லுக்கு மேல் இருந்தது. மாதிரியில் ஒட்ட ஒட்ட உதிர்ந்து, கடைசியில் 150 சொல்லுக்குள் வந்துவிட்டது. “நடந்துகொண்டிருந்தாள்” போன்ற நீளச் சொற்கள் “நடந்தாள்” ஆயின. பேச்சு வரும் இடங்களில் பேசுகிற மாதிரியே எழுதினேன். எழுதிய ஒவ்வொரு வரியையும் சத்தமாக வாசித்துப் பாருங்கள், அதுவும் நீங்கள் வேண்டாம், கதையை முன்பின் கேட்காத ஒருவர் வாசிக்கட்டும். அவர் தடுமாறும் இடத்தில் திருத்துங்கள்.

இந்த முறை ஓவியராக வந்தவர் கும்பகோணம் கவின்கலைக் கல்லூரியில் படித்த ஒரு இளம்பெண். விலை பேசும் முன்பே அவரை விடியற்காலையில் உப்பளத்துக்குக் கூட்டிப்போனேன். நான் காட்டிய எதையும் அவர் பார்க்கவில்லை, தரையில் விழும் நிழல்களையே படம் எடுத்துக்கொண்டிருந்தார். “அக்கா, இங்க நிழல் கறுப்பா இல்ல, ஊதாவா இருக்கு” என்றார். உண்மைதான், இத்தனை வருடத்தில் நான் கவனித்ததே இல்லை. அவர் உப்பை வரையவே இல்லை, வெள்ளைத் தாளை அப்படியே விட்டுவிட்டார். வெறும் வெள்ளையில் செல்வியும் அவளுடைய ஊதா நிழலும் மட்டும். முதல் சில பக்கங்களில் அவள் பக்கத்தின் மூலையில் சின்னதாக இருக்கிறாள், அந்த வெள்ளையைப் பார்த்தாலே கண் கூசுகிறது. நிழல் தேடத் தேடப் பக்கத்தில் ஊதா கொஞ்சம் கொஞ்சமாக ஏறுகிறது. அம்பாரம் வரும் விரிபக்கத்தில் முழுத் தாளும் நிழல், அங்கே எழுத்து இல்லை. நான் எழுதியிருந்த கடைசி வரியை எடுத்துவிடச் சொல்லி அவர் கேட்டார், எடுத்துவிட்டேன். அது என் கதையிலேயே எனக்குப் பிடித்த வரி, ஆனால் படம் அதைவிட நன்றாகச் சொல்லிவிட்டது. ஓவியரைக் கூலிக்கு வரைபவராக நடத்தினால் இது நடக்காது. அட்டையில் அவர் பெயரும் என் பெயரும் ஒரே அளவில் இருக்கின்றன.

உரிமை விஷயத்தை இருவரும் ஒரே தாளில் எழுதிக் கையெழுத்துப் போட்டோம். 1957ஆம் ஆண்டின் பதிப்புரிமைச் சட்டப்படி உரிமையை மாற்றித் தருவது எழுத்திலும் கையெழுத்தோடும் இருக்க வேண்டும். காலம் குறிப்பிடவில்லை என்றால் 5 ஆண்டு என்றும், எல்லை குறிப்பிடவில்லை என்றால் இந்தியா மட்டும் என்றும் சட்டம் எடுத்துக்கொள்ளும். எங்கள் தாளில் புத்தகம், மின்னூல், மொழிபெயர்ப்பு மூன்றுக்கும் தனித்தனியாகக் காலமும் எல்லையும் இருக்கின்றன. மூலப் படங்கள் அவருடையவை, அச்சுக்கான கோப்பின் ஒரு பிரதி என்னிடம் இருக்கும், விற்கும் ஒவ்வொரு பிரதிக்கும் அவருக்கு விலையில் 5 சதவீதம். இத்தனையும் ஒரு பக்கத்துக்குள் அடங்கிவிட்டது.

செலவையும் சொல்லிவிடுகிறேன், இதைத்தான் எல்லாரும் கேட்கிறார்கள். 1,000 பிரதி, ஓவியருக்கு 30,000, வடிவமைப்புக்கு 6,000, சிவகாசியில் அச்சும் சென்டர் பின்னும் சேர்த்து 48,000. ஆக ஒரு பிரதி 84 ரூபாய். பளபளக்கும் ஆர்ட் பேப்பர் வேண்டாம், வெளிச்சத்தில் மின்னும், ஊதாவும் கெடும் என்று ஓவியர் சொல்ல, பளபளப்பில்லாத தாள் போட்டோம். ஓடத் தொடங்கிய முதல் தாளைப் பார்த்துக் கையெழுத்துப் போட அச்சகத்துக்கே போயிருந்தோம், ஊதா சற்றுச் சிவந்து வந்ததை அங்கேயே குறைத்தார்கள். விலை 160. கடைக்காரர்களுக்கு 40 சதவீதம் கழிவு போனால் கையில் 96, அதில் ஓவியருக்கு 8. கடை வழியாக விற்றால் பிரதிக்கு 4 ரூபாய்தான் மிஞ்சும். பள்ளிகளிலும் புத்தகக் காட்சிகளிலும் நேரடியாக விற்பதில்தான் கொஞ்சம் பணம் திரும்புகிறது. ஆகவே 1,000 பிரதிக்குப் போகும் முன், நீங்களே கையால் விற்கக்கூடிய இடங்களைப் பட்டியல் போட்டுப் பாருங்கள். பட்டியல் 300 பிரதியைத் தாண்டவில்லை என்றால் 300 மட்டும் அடியுங்கள், பிரதி விலை கூடினாலும் பரவாயில்லை. கட்டிலுக்கு அடியில் கிடக்கும் பிரதிக்கு ஆன செலவு அதைவிட அதிகம்.